நிண்டகாலர் கடைக்கு நாங்கள் கொடுத்த வாங்கு

யாழ்ப்பாணக் குடாநாட்டில் சாப்பாட்டுக் கடை வைத்தவர்களில், வந்தவர் ஒருவரையும் உட்கார விடாமல் வருடக்கணக்காகக் கடை நடத்தியவர் சுன்னாகத்து நிண்டகாலர் ஒருவர்தான். இதை மறுப்பவர்கள் ஆசிரியருக்குக் கடிதம் எழுதலாம். நான் பதில் எழுத மாட்டேன்.

இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்குச் சற்று முந்திய காலம். சுன்னாகம் ரயில் நிலையத்துச் சாமான் அறையில் நான் எழுதுவினைஞன். காலையிலிருந்து மாலை வரை வெங்காய மூட்டைக்குத் துண்டு எழுதுவதுதான் உத்தியோகம். எங்கள் வாசலுக்கு எதிரே, சந்தைக்குப் போகும் வழியில், கிடுகால் வேய்ந்த ஒரு கொட்டில் இருந்தது. அதற்குள் ஓர் அடுப்பு, நீளமான ஒரு மேசை, ஒரு தண்ணீர்ப் பானை. வாங்கு, கதிரை, பலகை, சாக்கு என்று மனிதன் குந்தக்கூடிய எதுவும் மருந்துக்கும் கிடையாது.

கடையில் விற்றது ஒரே ஒரு சாமான். பட்டினத்துப் போறணையிலிருந்து முதல் ரயிலில் சாண் நீளப் பாண் வரும். அதை நிண்டகாலர் நடுவால் கீறுவார். கடலைப்பருப்பு வடையை எல்லோரையும்போல வட்டமாகத் தட்டாமல், சுருட்டு மாதிரி நீளமாக உருட்டிப் பொரித்து வைத்திருப்பார். அதை அந்தப் பாணுக்குள் படுக்க வைத்து, மேலே செத்தல்மிளகாய்ச் சம்பலும் பச்சை வெங்காயமும் போட்டு, தேசிக்காய் ஒரு சொட்டுப் பிழிந்து, வாழையிலைத் துண்டில் சுற்றிக் கையில் தருவார். முதல் கடியில் வடை மொறுமொறுக்கும். இரண்டாவது கடியில் மூக்கால் தண்ணீர் ஓடும். மூன்றாவது கடிக்கு முன்பே இன்னொன்று வேண்டும் என்று மனம் கேட்கும். நான் பிறகு கொழும்பிலும் வேறு ஊர்களிலும் எத்தனையோ இடங்களில் சாப்பிட்டிருக்கிறேன். அந்தப் பாணை ஈடு செய்ய எதுவும் இல்லை.

அவருடைய சொந்தப் பெயர் என்னவென்று ஊரில் ஒருவரும் கேட்கவில்லை. "நிண்டு சாப்பிடுங்கோ" என்று நாளுக்கு நூறு தரம் சொன்னதால் நிண்டகாலர் ஆகிவிட்டார். ஒருநாள் வாத்தியார் ஒருவர் குடையும் கையுமாக வந்தார்.

"இருக்க ஒண்டும் இல்லையோ?"

"நிண்டு சாப்பிடுங்கோ."

"நான் கோப்பாயிலையிருந்து நடந்து வாறன் காணும்."

"அப்ப கால் நல்லாப் பழகியிருக்கும். நிண்டு சாப்பிடுங்கோ."

வாத்தியார் நின்றார், சாப்பிட்டார், விக்கினார். தேத்தண்ணி கேட்டார். நிண்டகாலர் கடையில் தேத்தண்ணியும் கிடையாது, குடிக்க ஒரு மூக்குப்பேணியும் கிடையாது. பானையில் செம்பால் அள்ளி மேலேயிருந்து வார்ப்பார். யாராக இருந்தாலும் இரண்டு கையையும் ஏந்தித்தான் குடிக்க வேண்டும். வாத்தியாருக்குத் தண்ணீர் முழங்கை வழியாக வழிந்து சால்வையெல்லாம் நனைந்தது. இனி இந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டேன் என்று போனவர், அடுத்த கிழமை இன்னும் இரண்டு வாத்திமாரைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

அந்தக் காலத்துத் தேத்தண்ணிக் கடைகளைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மற்றக் கடைகளில் உள்ளே இருந்து குடிக்கச் சிலருக்குத்தான் உரிமை. சாதியைச் சொல்லி ஒதுக்கப்பட்டவர்கள் வெளியே நின்று, சிரட்டையில் வாங்கிக் குடிக்க வேண்டும், அல்லது கை ஏந்த வேண்டும். எங்கள் சாமான் அறையில் மூட்டை தூக்கிய கணவதியும் அவனுடைய ஆட்களும் அப்படித்தான் வேறு கடைகளில் நின்றார்கள். நிண்டகாலர் கடையில் மட்டும் கணவதி உள்ளே வந்து மேசையடியில் எனக்குப் பக்கத்தில் நின்று, என்னைப்போலவே இலையை விரித்துச் சாப்பிட்டான். எல்லோரும் நிற்கிற இடத்தில் யார் பெரியவன் என்று காட்ட வழியில்லை. எல்லோரும் கையேந்துகிற இடத்தில் ஏந்தாதவன் தாகத்தோடு போக வேண்டியதுதான். கணவதிக்கு அப்போது நாற்பது வயதிருக்கும். ஒரு கூரைக்குக் கீழே நாலு மனிதருடன் நின்று சாப்பிட அவனுக்குச் சுன்னாகம் முழுவதிலும் இருந்த ஒரே இடம் அதுதான். அது எனக்குக் கண்ணுக்கு முன்னால் இருந்தும் நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

நிண்டகாலர் கணவதியையும் "வாங்கோ, சாப்பிடுங்கோ" என்றுதான் சொன்னார். அவருடைய வாயில் "வா, போ" என்பது நாய்க்கும் மாட்டுக்கும்கூட வராது. ஆகையால் மனுசனுக்கு மூளை கொஞ்சம் தட்டிவிட்டது என்று சந்தை முடிவு கட்டியிருந்தது. வாங்கு போடாததற்கும் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். கஞ்சத்தனம் என்றார்கள் சிலர். செல்வச்சந்நிதி முருகனுக்கு நேர்த்தி என்றார்கள் வேறு சிலர். ஒருநாள் நானே கேட்டேன்.

"பினாங்கிலை நான் கப்பல் குசினியிலை நிண்டனான் தம்பி," என்றார். "துறைமுக வாசலிலை ஒருத்தன் பாணுக்குள்ளை இறைச்சியை வைச்சு விப்பான். கப்பல் கப்டனும் நிண்டு தின்னுவான், நிலக்கரி அள்ளுறவனும் நிண்டு தின்னுவான். ரெண்டு பேரின்ரை வாயிலையும் ஒரே எண்ணெய். எனக்கு அது பிடிச்சுது. இறைச்சி பிடிக்கேல்லை. அதுதான் வடை."

இந்தப் பினாங்குப் பாணால் ஒருமுறை கடை கவிழப் பார்த்தது. உரும்பிராய்ப் பக்கத்து மலாயாப் பென்சன்காரர் ஒருவர் வந்து பாணைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இதுக்கு வெள்ளைக்காரன் அங்கை என்ன பேர் வைச்சிருக்கிறான் தெரியுமோ? ஹொட் டோக். சுடுநாய்," என்று சொல்லிச் சிரித்தார். சொன்னவர் சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டார். சொல் வெங்காய வண்டில்களில் ஏறிச் சந்தையைச் சுற்றியது. மத்தியானத்துக்குள் நிண்டகாலர் பாணுக்குள் வைப்பது நாயிறைச்சி என்று முடிவாகி, பின்னேரம் அது எந்த வீட்டு நாய் என்றும் கண்டுபிடித்துவிட்டார்கள். அந்த நாய் அடுத்த நாள் உயிரோடு திரும்பி வந்ததை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

நிண்டகாலர் ஒருவருடனும் வாதாடவில்லை. ஆட்டுக்கல்லை உருட்டிக் கொண்டுவந்து தெருவோரத்தில் வைத்து, ஊரறியப் பருப்பு அரைக்கத் தொடங்கினார். அதையும் நின்றபடிதான். கல்லை இரண்டு மரக்குற்றிக்கு மேலே ஏற்றிவைத்துக்கொண்டார். மூன்றாம் நாள் வெங்காயம் விற்கிற பெண் ஒருத்தி பொறுக்கமுடியாமல் வந்து, விரலால் மாவைத் தொட்டு வாயில் வைத்துப் பார்த்தாள்.

"பருப்புத்தான்," என்றாள் சந்தைப் பக்கம் திரும்பி. "உப்புக் காணாது."

அன்றைக்கே கடை பழையபடி நிரம்பிவிட்டது. நிண்டகாலரும் அன்றிலிருந்து உப்பைக் கூட்டிப் போட்டார்.

இனி நான் செய்த காரியத்துக்கு வருகிறேன். நாள் முழுவதும் நின்று நின்று நிண்டகாலருடைய கால்கள் வீங்கிப்போயிருந்தன. நரம்புகள் கயிறு மாதிரிப் புடைத்துக்கொண்டு நின்றன. எனக்கும் சாமான் அறையில் என்னுடன் வேலை செய்த மூன்று பேருக்கும் மனம் கேட்கவில்லை. பாவம், மனுசன் களைத்தால் இருக்க ஒரு வாங்கு செய்து கொடுப்போம் என்று தீர்மானித்தோம். நல்ல வேப்பமரத்தில், ஐந்து பேர் இருக்கக்கூடியதாக, முதுகுக்குச் சாய்மனையும் வைத்துத் தச்சர் செய்து தந்தார். அவர் ஒருவருக்கு எதற்கு ஐந்து பேர் இருக்கிற வாங்கு என்று இப்போது நீங்கள் கேட்பீர்கள். அப்போது எங்களில் ஒருவனும் கேட்கவில்லை.

நிண்டகாலர் தொண்டைமானாற்றுக்குத் தேர் பார்க்கப் போன நாளாகப் பார்த்து அதைக் கடைக்குள் கொண்டுபோய் வைத்தோம். வைத்தால் போதுமா? எங்கள் ஊரில் கோழிக்கூடு திறப்பதென்றாலும் நாள் பார்க்காமல் ஆகாது. சாத்திரியாரிடம் நேரம் கேட்டோம். நிறைகுடம் வைத்தோம். குத்துவிளக்கு ஏற்றினோம். முதலில் இருப்பவர் இராசியான ஆளாக இருக்க வேண்டும் என்று, கடை நின்ற காணியின் சொந்தக்காரரான வெங்காய முதலாளியை அழைத்து, மாலை போட்டு வாங்கில் இருத்தினோம். யோசனை என்னுடையதுதான். மற்ற மூவர் மேலும் பழியைப் போட எனக்கு ஆசை உண்டு. ஆனால் உண்மை அதுவல்ல.

அடுத்த நாள் காலையில் நிண்டகாலர் திரும்பி வந்தபோது, முதலாளி ஒரு காலை மடித்து வாங்கில் வைத்துக்கொண்டு, வேறு இரண்டு வியாபாரிகளோடு பாணுக்குக் காத்துக்கொண்டிருந்தார். நாங்கள் நாலு பேரும் சிரித்த முகத்தோடு நின்றோம். நிண்டகாலர் வாங்கைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். பிறகு அடுப்பை மூட்டினார்.

கணவதி வழக்கம்போல வந்தான். வாசலில் நின்றான். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினான். முதலாளி வாங்கில் இருக்கும்போது அவருக்கு முன்னால் அவன் நின்று சாப்பிட முடியாது. அது அந்த ஊர் வழமை, ஒருவரும் வாய்திறந்து சொல்லத் தேவையில்லை. பாணை வாங்கிக்கொண்டு தெருவுக்கு அப்பால் வேப்பமரத்தடிக்குப் போய்விட்டான். அவனுடைய ஆட்களும் பின்னால் போனார்கள். முதலாளிக்கு வாங்கு நன்றாகப் பிடித்துவிட்டது. தினமும் வந்தார். மூன்றாம் நாள், "உவையளுக்கு இனி வெளியிலையே குடும். அதுதான் முறை," என்றார். நானும் அதே வாங்கின் மறுகோடியில் இருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

அன்று பின்னேரம் நிண்டகாலர் சாமான் அறைக்கு வந்தார். அவர் கடையை விட்டு எங்கள் பக்கம் வந்தது அதுதான் முதல் தடவை.

"தம்பி, அந்த வாங்கைத் திருப்பி எடுங்கோ."

"என்ன அண்ணை இது? குடுத்த சாமானைத் திருப்பி எடுக்கிறதோ? நாலு பேருக்கு முன்னாலை எங்களை அவமதிக்கிறியள்."

"கணவதி இப்ப எங்கை நிண்டு சாப்பிடுறார் எண்டு பாத்தனீங்களோ?"

"வேப்பமரத்தடியிலை. நல்ல நிழல்தானே."

நான் அப்படித்தான் சொன்னேன். இத்தனை வருடங்களுக்குப் பிறகு அதை மாற்றி எழுதினால் யாருக்கும் தெரியப்போவதில்லை, எனக்குத் தெரியும். நிண்டகாலர் "சரி தம்பி," என்றுவிட்டுப் போனார். எனக்குச் சரியான கோபம். நல்லது செய்தவனை இப்படியா நடத்துவது என்று, அடுத்த நாளிலிருந்து கடைக்குப் போகாமல் விட்டேன். வீட்டிலிருந்து பிட்டுக் கட்டிக்கொண்டு வந்து கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிட்டேன். அந்தப் பிட்டு தொண்டையால் இறங்கவில்லை என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

அடுத்த சந்தை நாள் காலை பத்து மணியிருக்கும். சனம் நெரிந்துகொண்டிருந்தது. நிண்டகாலர் வாங்கைத் தெருவுக்கு இழுத்து வந்து போட்டு, வாளால் அரியத் தொடங்கினார். நல்ல வேம்பு, இலேசில் வாள் இறங்காது. மனுசன் வியர்த்து வடிய அரிந்தார். வேப்பமரத்தடியிலிருந்து கணவதி ஓடி வந்து மறுமுனையைப் பிடிக்கக் கையை நீட்டினான்.

"தொடாதேங்கோ," என்றார் நிண்டகாலர். "பேந்து பழியை உங்களிலைதான் போடுவினம். இது என்ரை வேலை."

கணவதி கையை இழுத்துக்கொண்டு நின்றான். நான் சாமான் அறை வாசலில் நின்று பார்த்தேன். சாய்மனை அடுப்புக்குள் போயிற்று. கால்களும் போயின. புது மரம் புகைத்து, அன்றைக்குப் பொரித்த வடையெல்லாம் கறுத்துப்போயிற்று. அந்த வேளையில் முதலாளி வந்தார்.

"வாங்கு எங்கை?"

"அடுப்புக்கை."

"விசரோ உமக்கு?"

"நிண்டு சாப்பிடுங்கோ," என்று நிண்டகாலர் ஒரு பாணை நீட்டினார்.

முதலாளி வாங்கவில்லை. ஒரு கிழமைக்குள் காணியை விட்டுக் கிளம்ப வேண்டும் என்று சொன்னார். சொல்லிவிட்டு நேரே தெருவைக் கடந்து என்னிடம் வந்தார். கூடவே பாதிச் சந்தையும் வந்தது.

"வாங்கு உங்கடை சாமான். பொதுவிலை வைச்ச வாங்கை அழிச்சுப்போட்டான் எண்டு நீர் ஒரு சொல்லுச் சொல்லும், விதானையாரிட்டைப் போவம். ஆளை உள்ளுக்குத் தள்ளலாம்."

நான் வீரன் அல்ல. முதலாளியின் மூட்டைகளால்தான் எங்கள் சாமான் அறையே நடந்தது. அவர் மேலிடத்துக்கு ஒரு கடிதம் போட்டால் என்னை மன்னாருக்கோ மதவாச்சிக்கோ அனுப்பிவிடுவார்கள். அடுப்படியில் நிண்டகாலர் எங்கள் பக்கம் பார்க்காமல் கறுத்த வடையை வடித்துக்கொண்டிருந்தார். கணவதி மட்டும் என்னைப் பார்த்தான். என் வாயிலிருந்து என்ன வரும் என்று அவனுக்கு ஏற்கெனவே தெரியும் என்பதுபோல நின்றான். அதுதான் எனக்குச் சுட்டது.

"வாங்கு அவரின்ரை," என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தரம் சொன்னேன். "நாங்கள் அவருக்குக் குடுத்தாச்சு. வைக்கிறதும் எரிக்கிறதும் அவரின்ரை விருப்பம்."

"யோசிச்சுச் சொல்லும்."

"யோசிக்காமல்தான் ஐயா வாங்கைக் குடுத்தனான். இதை யோசிச்சுச் சொல்லுறன்."

முதலாளி போய்விட்டார். அன்று முழுவதும் நான் எழுதிய துண்டுகளில் பாதி பிழை. கீரிமலைக்குப் போக வேண்டிய மூட்டை ஒன்று கிளிநொச்சிக்குப் போயிற்று.

சொன்ன நாளில் நிண்டகாலர் கொட்டிலைப் பிரித்தார். ஊர், ஆள் தொலைந்தான் என்று நினைத்தது. மறு கிழமை, ரயில் நிலைய வேலிக்கு வெளியே தெருவோரத்தில் ஒரு பழைய ஒற்றை மாட்டு வண்டில் நின்றது. மாடு இல்லை. வண்டிலில் அடுப்பு, பாண் கூடை, பானை. பின்னால் நிண்டகாலர். முன்னால் கணவதியும் அவனுடைய ஆட்களும், கோப்பாய் வாத்தியார், உப்புக் காணாது என்ற பெண், இன்னும் ஏழெட்டுப் பேர். தெரு ஒருவருடைய காணியும் இல்லை. வண்டிலடியில் வாங்கு போட இடமும் இல்லை.

நான் இரண்டு நாள் ஜன்னலால் பார்த்தேன். மூன்றாம் நாள் போனேன். கணவதி சற்று விலகி எனக்கு இடம் விட்டான். நிண்டகாலர் பாணைத் தந்தார். வழக்கத்தை விடச் சம்பல் கூட. எனக்கு விக்கியது. அவருடைய இரண்டு கையும் மாவாக இருந்தது.

"கணவதி, தம்பிக்குத் தண்ணி வார்த்துவிடுங்கோ," என்றார்.

வண்டிலைச் சுற்றி நின்றவர்கள் சாப்பிடுவதை நிறுத்தினார்கள். கணவதி செம்பைத் தொடவில்லை. என் முகத்தைப் பார்த்தான். அவன் தொட்ட தண்ணீரை என் ஆட்கள் குடிப்பதில்லை. நான் வீட்டுக்குப் போக முன் செய்தி வீட்டுக்குப் போய்விடும். நான் கையை ஏந்தினேன். அவன் அப்போதும் நின்றான்.

"வார்த்துவிடும் அண்ணை, விக்குது," என்றேன்.

கணவதி வார்த்தான். பாதித் தண்ணீர் என் காற்சட்டையில் ஊற்றுண்டது. மிச்சத்தை நான் குடித்தேன். அன்றிரவு வீட்டில் அம்மா என்னோடு பேசவில்லை. ஒரு மாதத்துக்கு மேல் எனக்குச் சோறு தனியாக ஒதுக்கிவைத்த கோப்பையில் வந்தது.

யுத்தம் வந்து மாவுக்குப் பஞ்சம் வரும்வரை அந்த வண்டில் அங்கே நின்றது. பிறகு மரவள்ளிக் கிழங்கை அவித்து அதற்குள் வடையை வைத்துப் பார்த்தார். அது ஒருவருக்கும் வாய்க்குள் போகவில்லை, அவருக்கும் போகவில்லை. அதற்குள் எனக்கு இடமாற்றம் வந்துவிட்டது. திரும்பி வந்தபோது வண்டில் இல்லை. பருத்தித்துறைப் பக்கம் போனார் என்றார்கள். பினாங்குக்கே போய்விட்டார் என்றும் சொன்னார்கள். நான் இரண்டு இடத்திலும் தேடவில்லை.

இன்றைக்கு யோசித்துப் பார்த்தால், நான் அவருக்குச் செய்த உபகாரம் ஒன்று, உபத்திரவம் ஒன்று. இரண்டையும் அவர் ஒரே முகத்தோடு வாங்கிக்கொண்டார். அவரையும் கணவதியையும் ஒருநாளாவது என் வீட்டுக்குக் கூப்பிட்டு, பக்கத்தில் பக்கத்தில் இருத்தி, நான் நின்று சோறு பரிமாறியிருக்க வேண்டும்.